பழைய மேனுவல் லென்ஸில் காட்டுப்பூ: படம் சரியாக வராவிட்டால் எங்கே பார்ப்பது

ஹீலியோஸ், தாக்குமார், ரோக்கோர், நிக்கோர் என்று நாற்பது ஐம்பது வயதான லென்ஸ்களை அடாப்டர் என்ற இணைப்பு வளையம் போட்டு மிரர்லெஸ் கேமராவில் மாட்டிக்கொண்டு, சிங்கப்பூரின் ரயில் காரிடார் ஓரத்திலும் புலாவ் உபின் தீவிலும் பூக்களைத் தேடிப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். படம் மங்கினால் பழி உடனே லென்ஸ் மேல் விழுகிறது. "பழசு, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். அல்லது ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு ஸ்க்ரூடிரைவரை எடுக்கிறார்கள். இரண்டும் வேண்டாம். கோளாறு பெரும்பாலும் கண்ணாடியில் இருப்பதில்லை. அடாப்டரில், கேமரா மெனுவில், காற்றில், நம் ஊர் ஈரத்தில் இருக்கிறது.

அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஒரு சோதனை. தமிழ் முரசு நாளிதழின் ஒரு பக்கத்தை ஜன்னல் வெளிச்சம் விழும் சுவரில் ஒட்டுங்கள். கேமராவை முக்காலியில் வைத்து, ஒரு மீட்டர் தள்ளி, அப்பர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் ஒளி நுழையும் துவாரத்தை, எஃப்/5.6இல் வையுங்கள் (எண் ஏற ஏறத் துவாரம் சிறிதாகும்). கைநடுக்கத்தைச் சமன்செய்யும் வசதியை அணைத்துவிடுங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்த்து ஃபோகஸ் செய்து, இரண்டு விநாடி டைமரில் எடுங்கள். நடுவில் உள்ள எழுத்துகள் கூர்மையாக இருந்தால் லென்ஸ் நலம். அதன் பிறகு கிடைக்கும் மங்கல் எல்லாம் வெளியில் நடப்பது. முழுக்கத் திறந்து, அதாவது எஃப்/2இலோ எஃப்/1.4இலோ எடுத்தால் எழுத்தைச் சுற்றி லேசாக ஒளி கசிவது போலத் தெரியும். அது அந்தக் கால வடிவமைப்பின் இயல்பு, கோளாறு அல்ல.

ஷட்டரே விழவில்லை

பழைய லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே மின்தொடர்பு கிடையாது. லென்ஸே மாட்டவில்லை என்று கேமரா நினைத்துக்கொள்கிறது. மெனுவில் "லென்ஸ் இல்லாமல் ஷட்டர்" என்ற பொருளில் ஓர் அமைப்பு இருக்கும். அதை அனுமதித்தால் போதும். வேறு ஒன்றும் இல்லை.

கேமராவில் பார்த்தபோது கூர்மை, கணினியில் மங்கல்

அதிகம் கேட்கப்படும் புகார் இதுதான். நான்கு காரணங்கள் உண்டு, நான்கும் ஒரே படத்திலும் சேர்ந்து வரலாம்.

முதலாவது ஃபோகஸ் பீக்கிங். ஓரங்களில் சிவப்போ மஞ்சளோ மின்னிக் காட்டும் அந்த வசதி, உண்மையில் கூர்மையாக இருக்கும் இடத்தைவிட அகலமான பகுதியை "சரி" என்று காட்டிவிடும். தெருக்காட்சிக்கு அது போதும். பூவுக்குப் போதாது. பீக்கிங்கை வைத்துக் கிட்டத்தட்ட சரியான இடத்துக்கு வந்துவிட்டு, அப்புறம் பெரிதாக்கும் பொத்தானை அழுத்தி முடிவு செய்யுங்கள். அந்தப் பொத்தானைக் கட்டைவிரல் எட்டும் இடத்துக்கு மாற்றி வைத்தால் பாதித் தொல்லை தீரும்.

இரண்டாவது, கூர்மையாக விழும் ஆழம் எவ்வளவு குறைவு என்பது. ஹீலியோஸ் 44-2 லென்ஸின் குவியத்தூரம் 58 மி.மீ., கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும் தூரம் அரை மீட்டர். அந்தத் தூரத்தில் எஃப்/2இல் எடுத்தால் கூர்மையான பகுதி ஒரு செ.மீ.கூட வராது. லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே எக்ஸ்டென்ஷன் டியூப் என்ற வெற்றுக் குழாயைப் போட்டுப் பூவை அதன் உண்மை அளவில் பாதிக்குச் சென்சாரில் விழச்செய்தால், எஃப்/2இல் கிடைப்பது சுமார் அரை மி.மீ.தான். எஃப்/8இல்கூட இரண்டு மி.மீ. அளவே.

சென்டுடுக் பூவை எடுத்துக்கொள்ளுங்கள். புதர் ஓரத்தில், வெயில் படும் இடத்தில், ஊதா கலந்த இளஞ்சிவப்பில் ஐந்து இதழோடு இருக்குமே, அதுதான். உள்ளே இரண்டு வகை மகரந்தத் தாள்கள்: நீளமாக வளைந்து ஊதாவில் சில, குட்டையாக நேராக மஞ்சளில் சில. இவை இதழ்த் தளத்திலிருந்து முன்னால் துருத்திக்கொண்டு நிற்கின்றன. எஃப்/2இல் இதழில் ஃபோகஸ் வைத்தால் தாள்கள் கரைந்துபோகும். தாளில் வைத்தால் இதழ் கரையும். இரண்டும் வேண்டுமென்றால் பக்கவாட்டில் போய், சென்சாரின் தளமும் பூவின் முக்கியமான தளமும் இணையாக வருகிற மாதிரி நிற்க வேண்டும். அல்லது எஃப்/8க்குப் போக வேண்டும். ஒன்றைத்தான் காட்ட முடியும் என்றால் நான் மஞ்சள் தாள்களையே தேர்ந்தெடுப்பேன். பார்க்கிறவர் கண் முதலில் அங்கேதான் போகிறது.

இந்த அளவு கிட்டத்தில் ஃபோகஸ் வளையத்தைத் திருகித் திருகித் தேடுவது வீண். வளையத்தை ஓர் இடத்தில் நிறுத்திவிட்டு, உடம்பை மெல்ல முன்னும் பின்னும் சாய்த்து, தொடர்ச்சியாக நான்கைந்து படம் எடுங்கள். ஒன்று சரியாக அமையும்.

மூன்றாவது காற்று. புல்லின் உயரத்தில் வளரும் பூ நமக்குத் தெரியாத காற்றிலும் ஆடும். வெட்டுக்காயப் பூண்டு நல்ல உதாரணம்: பூ சிறியது, காம்பு நீளம், சும்மா நிற்கவே நிற்காது. ஷட்டர் வேகம் 1/500க்குக் கீழே போகவேண்டாம். அதற்காக ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) ஏறினால் ஏறட்டும். அதனால் படத்தில் வரும் புள்ளிப்புள்ளியான இரைச்சலைப் பின்னால் குறைக்கலாம், ஆடிய பூவை நிறுத்த முடியாது. தொட்டாற்சிணுங்கியில் இன்னொரு சிக்கல்: முக்காலியின் கால் ஓர் இலையில் பட்டாலும் அந்தக் கிளை முழுக்க மடங்கி, நீங்கள் கட்டம் கட்டி வைத்த காட்சியே மாறிவிடும். சில நிமிடம் காத்திருந்தால் இலைகள் திரும்ப விரியும். முக்காலியைச் செடியிலிருந்து தள்ளியே ஊன்றுங்கள்.

நான்காவதைப் பலர் யோசிப்பதே இல்லை. கேமராவுக்குள்ளேயே கைநடுக்கத்தைச் சமன்செய்யும் வசதி இருந்தால், மாட்டியிருக்கும் லென்ஸின் குவியத்தூரத்தை அதற்கு நாம்தான் சொல்லவேண்டும். நேற்று 135 மி.மீ. போட்டு அந்த எண்ணைப் பதிந்துவிட்டு, இன்று 50 மி.மீ. மாட்டினால், சென்சார் தேவைக்கு மேல் ஆடித் தானே படத்தைக் கெடுக்கும். பூவின் ஓரம் ஒரே திசையில் இரட்டையாகத் தெரிந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

படம் முழுக்க வெளிறி, கறுப்பு கறுப்பாகவே இல்லை

சிங்கப்பூரில் இதற்குத்தான் நேரம் ஒதுக்கிக் கற்றுக்கொள்ள வேண்டும். மூன்று வேறு கோளாறுகள் ஒரே மாதிரித் தெரியும்.

வெளியே வந்து முதல் சில நிமிடங்களில் மட்டும் வெளிறி, பிறகு தானாகச் சரியாகிவிட்டால், அது நீர் படிவது. இங்கே வெளிக்காற்றில் இருக்கும் ஈரம், சுமார் 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீராகப் படிந்துவிடும். ஏர்கான் அறையில் இரவு முழுக்கக் கிடந்த லென்ஸும், எம்ஆர்டி ரயிலில் ஒரு மணி நேரம் குளிர்ந்த லென்ஸும் அந்த நிலையில்தான் இருக்கும். முன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பயனில்லை. துடைத்த கையோடு மறுபடி படியும். உள்ளே படிந்திருந்தால் துணி எட்டவும் எட்டாது. கிளம்புமுன் கேமராவை ஜிப் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றி மூடுங்கள். வெளியே வந்ததும் பையைத் திறக்காமல் அரை மணி நேரம் விடுங்கள். நீர் பையின் மேல் படியும், கண்ணாடியில் படியாது. இன்னும் எளிது: கேமராப் பையை முந்தின இரவே ஏர்கான் இல்லாத அறைக்கு மாற்றிவிடுவது.

சூரியன் இருக்கும் பக்கம் திரும்பினால் மட்டும் வெளிறினால், அது சிதறும் ஒளி. பழைய லென்ஸ்களில் பல ஒற்றைப் பூச்சு கொண்டவை. கண்ணாடிப் பரப்புகளில் பட்டுத் திரும்பும் ஒளியை இன்றைய பலபூச்சு அளவுக்கு அவை தடுக்காது. நம் வானம் வெள்ளை மேகத்தால் மூடியிருக்கும்போது சூரியன் எங்கே என்றே தெரியாது, ஆனால் மேகம் முழுவதும் ஒளி வீசும். தாழ இருக்கும் பூவை அண்ணாந்து எடுத்தால் அத்தனை வெளிச்சமும் லென்ஸுக்குள் வரும். ரப்பர் ஹுட் ஒன்று வாங்கி மாட்டுங்கள். அது இல்லாதபோது உள்ளங்கையை லென்ஸுக்கு மேலே நீட்டி நிழல் விழச்செய்யுங்கள். திரையில் கறுப்பு ஆழமாவது அப்போதே தெரியும்.

எல்லாத் திசையிலும், எல்லா நேரத்திலும் வெளிறினால்தான் கண்ணாடியைப் பார்க்கவேண்டும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து, போன் டார்ச்சை லென்ஸின் பின்புறமிருந்து சாய்வாக அடித்து முன்புறமாகப் பாருங்கள். நூல் நூலாக, வேர் பிரிவதுபோல் தெரிந்தால் பூஞ்சை. ஒரே சீராகச் சாம்பல் படலமாகத் தெரிந்தால், மசகின் ஆவி கண்ணாடியில் படிந்திருக்கிறது. விளிம்பிலிருந்து வானவில் நிறத்தில் திட்டுத் திட்டாக உள்ளே பரவியிருந்தால், இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய பசை விட்டுக்கொண்டிருக்கிறது. நாலைந்து தூசித் துகள் தெரிந்தால் கவலையே வேண்டாம், படத்தில் அது தெரியாது.

பூஞ்சை தொடக்க நிலையில் இருந்தால் சுத்தம் செய்யலாம். விட்டுவைத்தால் பூச்சையும், பிறகு கண்ணாடியையும் அரித்துத் தடம் பதித்துவிடும். அந்தத் தடம் போகாது. இந்த ஊரில் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல்; பூஞ்சைக்கு வேறு அழைப்பு தேவையில்லை. ஈரத்தைக் கட்டுப்படுத்தும் டிரை கேபினெட் அலமாரியில் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் வையுங்கள். கேபினெட் வாங்க மனமில்லை என்றால், இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி போதும். ஜெல் நிறம் மாறியதும் காயவைத்துத் திரும்பப் போடவேண்டும், அதை மறந்தால் டப்பா வைத்துப் பயனில்லை. லென்ஸோடு வந்த அழகான தோல் உறையை மட்டும் தனியாக வையுங்கள். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும், பூஞ்சைக்குத் தீனியும் அதுவே.

கிட்டப் போனாலும் ஃபோகஸ் இல்லை, தூரத்திலும் இல்லை

கிட்டப் பிரச்சினை எளிது. பழைய 50 மி.மீ. லென்ஸ்கள் பெரும்பாலும் 45 செ.மீ. முதல் 60 செ.மீ. வரைதான் நெருங்கும். சிம்போ ஆயர் புதரின் மஞ்சள் பூ உள்ளங்கை அகலம் இருப்பதால் அதற்கு அதுவே போதும். தொட்டாற்சிணுங்கியின் பூப்பந்து ஒரு செ.மீ. அளவுதான், அதற்கு டியூப் வேண்டும். கணக்கு சுலபம்: டியூபின் நீளத்தைக் குவியத்தூரத்தால் வகுத்தால் கூடுதல் உருப்பெருக்கம் கிடைக்கும். எம்42 என்ற திருகு வகை லென்ஸ்களுக்கான டியூப்கள் 7, 14, 28 மி.மீ. என்று மூன்றாகச் சேர்ந்து வரும். 58 மி.மீ. லென்ஸில் 28 மி.மீ. டியூப் மட்டும் போட்டாலே கிட்டத்தட்ட அரையளவு. அந்த நிலையில் ஒரு ஸ்டாப்புக்கு மேல், அதாவது பாதிக்கு மேல், வெளிச்சம் குறையும் என்பதை மறக்காதீர்கள். கேமரா அதைத் தானே சரிக்கட்டும், ஆனால் ஷட்டர் வேகத்தைக் குறைத்துத்தான் சரிக்கட்டும். 1/500 என்று மேலே சொன்னது அப்போது நழுவிவிடும்.

தூரத்தில் ஃபோகஸ் ஆகவில்லை என்றால் முதலில் டியூப் உள்ளேயே இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், இதுதான் மிக அடிக்கடி நடப்பது. டியூப் இல்லை என்றால் அடாப்டரின் கனம். ஒவ்வொரு மவுண்டுக்கும் (லென்ஸை மாட்டும் அமைப்புக்கும்) லென்ஸின் அடிப்பகுதியிலிருந்து ஃபிலிம் வரை ஒரு நிலையான தூரம் உண்டு: எம்42க்கு 45.46 மி.மீ., நிக்கான் எஃப்புக்கு 46.5, மினோல்டாவுக்கு 43.5, கேனான் எஃப்டிக்கு 42. சோனி இ கேமராவில் அது 18 மி.மீ. மட்டுமே, மீதி இடைவெளியை நிரப்புவதுதான் அடாப்டரின் வேலை. அடாப்டர் ஒரு மயிரிழை கனமாக இருந்தாலும் முடிவிலி, அதாவது வெகு தூரத்துக் காட்சியின் ஃபோகஸ், கைக்கு எட்டாது. நிக்கான் எஸ்எல்ஆரில் எம்42 லென்ஸைப் போட்டால் உள்ளே கண்ணாடி இல்லாத எந்த அடாப்டரும் முடிவிலியைத் தராது என்பதற்கும் இதே கணக்குதான் காரணம், அங்கே நிரப்ப இடமே இல்லை.

மலிவு அடாப்டர்கள் பல வேண்டுமென்றே சற்று மெலிதாகச் செய்யப்படுகின்றன. அப்போது முடிவிலி கிடைக்கும், ஆனால் வளையத்தில் முடிவிலிக் குறி இருக்கும் இடத்துக்குச் சற்று முன்பே கிடைத்துவிடும். குறியை நம்பி முட்டும்வரை திருகினால் எல்லாம் மங்கல். எதிர் அடுக்குமாடி புளோக்கின் கூரையைப் பெரிதாக்கிப் பார்த்து, உங்கள் அடாப்டரில் முடிவிலி எங்கே விழுகிறது என்று ஒருமுறை தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

பூவுக்கு எதற்கு முடிவிலி என்று கேட்கலாம். பிஜன் ஆர்க்கிட்டுக்கு வேண்டும். தூங்குமூஞ்சி மரங்களின் கிளைகளில், நம் தலைக்கு மேலே வெகு உயரத்தில் ஒட்டி வளரும் வெள்ளைப் பூ அது. கனமழையில் காற்று சட்டென்று குளிர்ந்தால், சுமார் ஒன்பது நாள் கழித்து அந்த வட்டாரத்துச் செடிகள் எல்லாம் ஒரே நாளில் பூக்கும். ஒரு நாளில் வாடிவிடும். பெருமழை பெய்த தேதியை நாட்காட்டியில் குறித்துவைத்து, 135 அல்லது 200 மி.மீ. லென்ஸோடு ஒன்பதாம் நாள் காலை போய் நில்லுங்கள். அன்றைக்கு முடிவிலி கிடைக்காத அடாப்டரோடு போய்விட்டால், அடுத்த பெருமழைக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

அப்பர்ச்சர் வளையம் சுற்றுகிறது, படத்தில் மாற்றமே இல்லை

எம்42 லென்ஸின் பின்புறம் ஒரு சின்ன ஊசி இருந்தால், அதை உள்ளே தள்ளினால்தான் அப்பர்ச்சரின் உலோக இதழ்கள் மூடும். தாக்குமாரில் பக்கவாட்டில் ஆட்டோ, மேனுவல் என்று ஸ்விட்ச் இருக்கும், மேனுவலில் வையுங்கள். ஸ்விட்ச் இல்லாத லென்ஸ் என்றால், ஊசியை அழுத்தும் உள்விளிம்பு கொண்ட அடாப்டராகக் கேட்டு வாங்குங்கள். ஹீலியோஸ் 44-2இல் ஊசியே கிடையாது: ஒரு வளையம் எல்லையைக் குறிக்கிறது, மற்றொன்று இதழ்களைத் திறந்து மூடுகிறது. முதல் வளையத்தை மட்டும் திருகிவிட்டு மாற்றம் இல்லை என்று நினைப்பது சகஜம். கேனான் எஃப்டி என்றால் அடாப்டரிலேயே ஒரு பூட்டு வளையம் உண்டு. லென்ஸை மாட்டும்போது அது தவறான நிலையில் இருந்தால், லென்ஸின் நெம்புகோல் அதில் சிக்காது. கழற்றி மறுபடி மாட்டவேண்டும்.

இத்தனையும் சரியாக இருந்தும் இதழ்கள் மெதுவாக நகர்ந்தால், அல்லது நகரவே இல்லையென்றால், எண்ணெய். வெப்பத்தில் மசகிலிருந்து எண்ணெய் பிரிந்து இதழ்களில் ஊறிவிடுகிறது. மைக்ரோ நிக்கோர் 55 மி.மீ. எஃப்/2.8 இதற்குப் பேர்போனது. பூவுக்கு அருமையான லென்ஸ், வாங்குமுன் இதழ்களைப் பாருங்கள். துருநீக்கி ஸ்ப்ரேயை மட்டும் அடிக்காதீர்கள். அது இதழோடு நிற்காது, கண்ணாடிக்கும் பரவும்.

நிறம் மாறித் தெரிகிறது

எல்லாப் படமும் தேநீர் நிறத்துக்குச் சாய்ந்தால், லென்ஸை வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். சூப்பர் தாக்குமார் 50 மி.மீ. எஃப்/1.4 உட்படச் சில லென்ஸ்களில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு. அதன் கதிரியக்கத்தால் கண்ணாடி நாளடைவில் மஞ்சளாகும். புற ஊதா எல்இடி விளக்கைக் கிட்ட வைத்துச் சில நாள் ஒளி காட்டினால் மஞ்சள் பெருமளவு வெளுத்துவிடும். வெயிலிலும் வெளுக்கும், ஆனால் நம் மதிய வெயிலில் லென்ஸை ஜன்னலோரம் விட்டுப் போனால் அது ஒளியைக் குவித்துத் திரைச்சீலையைப் பொசுக்கிவிடலாம். விளக்கே நல்லது. லென்ஸை வைத்துப் படமெடுப்பதில் பயப்பட ஒன்றுமில்லை. அந்தக் கண்ணாடியைத் தேய்க்கவோ உடைக்கவோ மட்டும் கூடாது.

மரநிழலில் மட்டும் பச்சை ஏறினால் அது இலைகளின் வழியே வடிந்த ஒளி. சாம்பல் அட்டை ஒன்றை எடுத்துப்போய் வெள்ளைச் சமநிலையை அங்கேயே அமையுங்கள். சென்டுடுக் இதழ்கள் ஒரே தட்டையான நிறப்பூச்சாக வந்தால் சிவப்பு அலைவரிசை நிரம்பி வழிந்துவிட்டது. சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்து முக்கால் ஸ்டாப் குறைத்தால் இதழின் நரம்புகள் திரும்ப வரும். சிம்போ ஆயருக்கும் இதே மருந்து.

நடுவில் ஒரு வெளிர் வட்டம்

அப்பர்ச்சரைக் குறைக்கக் குறைக்க வட்டம் தெளிவாகிறதா? சென்சாரில் பட்ட ஒளி லென்ஸின் பின் கண்ணாடிக்கும் அடாப்டரின் உட்சுவருக்கும் போய்த் திரும்புகிறது. அடாப்டரைக் கழற்றி உள்ளே பாருங்கள், பளபளவென்று இருக்கும். ஒளி மின்னாத கறுப்பு வெல்வெட் தாளை அளவாக வெட்டி உள்சுவரில் ஒட்டுங்கள். வட்டம் மறையாவிட்டாலும் மங்கும், கூடவே படத்தில் கறுப்பும் ஆழமாகும்.

ரிப்பேருக்குக் கொடுக்கலாமா

பெனின்சுலா ஷாப்பிங் சென்டர் பக்கம் பழைய கேமரா பார்க்கும் கடைகள் உண்டு. விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள். இறுகிப்போன ஃபோகஸ் வளையம், எண்ணெய் ஊறிய இதழ், வெளிப்பக்கக் கண்ணாடியில் தொடங்கிய பூஞ்சை: இவை மூன்றும் காசு செலவழிக்கத் தகுந்தவை, அதுவும் மைக்ரோ நிக்கோர் மாதிரி லென்ஸ் என்றால் யோசிக்கவே வேண்டாம். ஒட்டிய கண்ணாடிகளுக்கு நடுவே பசை விட்டிருந்தாலோ, பூஞ்சை கண்ணாடியையே அரித்திருந்தாலோ, ஹீலியோஸ் போல ஏராளமாகக் கிடைக்கும் லென்ஸுக்கு அந்தச் செலவு கட்டாது. வேறொன்று வாங்குவதே மேல். புதிதாக வாங்குவதையும் டார்ச் அடித்துப் பார்த்தே வாங்குங்கள். பூஞ்சை பிடித்த பழையதை நல்ல லென்ஸ்கள் இருக்கும் டப்பாவுக்குள் சேர்த்து வைக்காதீர்கள்.